எல்லாப் பாவிக்கும் என் முகம்

மலாயாவில் பெடாஸ் என்ற ஊரிலிருந்து உள்ளே போகும் மண் சாலையில் எங்கள் ரப்பர் தோட்டம். அந்தத் தோட்டத்து மாரியம்மன் கோவிலின் பக்கச் சுவரில் நான் பல வருடம் எண்ணெய்ச் சட்டியில் வெந்துகொண்டிருந்தேன். இரண்டு அடி தள்ளிப் பார்த்தால் செக்கில் அரைபட்டுக்கொண்டிருந்தேன். அதற்கும் பக்கத்தில் என் நாக்கை ஒருவன் குறடு போட்டு இழுத்துக்கொண்டிருந்தான். இழுத்தவனும் நான்தான். இதையெல்லாம் எருமைமேல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்த எமனும், மீசை கொஞ்சம் பெரிது என்பதைத் தவிர, நானேதான்.

இப்போது எனக்கு ஐம்பது நெருங்குகிறது. அவ்வளவு தண்டனைக்கும் தகுந்த பாவம் செய்ய எனக்கு வசதியும் இருந்ததில்லை, துணிச்சலும் இருந்ததில்லை. ஒன்றே ஒன்று செய்தேன். அதற்குத் தலைத்துண்டும் ஒரு துண்டு மரவள்ளிக்கிழங்கும் போதுமாக இருந்தது.

மலாயாவில் வெள்ளைக்காரன் அவசர காலம் அறிவித்திருந்த சமயம் அது. மலைப்பக்கம் சிதறிக் கிடந்த லயங்களை, எங்கள் கூலி வீட்டு வரிசைகளை, எல்லாம் பிரித்து எடுத்துவந்து ஒரே இடத்தில் நட்டு, சுற்றிலும் இரண்டு வரிசை முள்கம்பி போட்டார்கள். வாசல் ஒன்று. மாலை ஆறுக்குச் சாத்தினால் காலை ஆறுக்குத்தான் திறக்கும். கம்பிக்கு உள்ளே கோவில், குழாயடி, மளிகைக்கடை, நாங்கள். வெளியே பால் மரம். அதற்கும் அப்பால் காடு, காட்டுக்குள் துப்பாக்கியோடு கம்யூனிஸ்ட்டுகள்.

"உங்க பாதுகாப்புக்குத்தான்யா வேலி" என்பார் கிராணி. தோட்டத்து ஆபீசில் பேர்ப் புத்தகம் வைத்திருந்தவர் அவர். துரை பேசுவதை எங்களுக்கும் நாங்கள் புலம்புவதைத் துரைக்கும் சொல்வது அவர் வேலை.

"அப்பன்னா கம்பியோட முள்ளு வெளிப்பக்கமில்ல பாத்திருக்கணும், கிராணி ஐயா? நம்மளையும்ல பாக்குது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இந்த வாயாலதான் நீ ஒருநாள் லாரி ஏறப்போறே."

லாரி ஏறுவது என்றால் எங்களுக்கு ஒரே அர்த்தம். சிரம்பானுக்குக் கொண்டுபோவார்கள், அங்கிருந்து முகாம், முகாமிலிருந்து கப்பல். இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்கள். நான் பிறந்ததே இந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரிக் கொட்டகையில். பார்த்தேயிராத ஊருக்கு என்னைத் திருப்பி அனுப்புவது எப்படி என்று எனக்குப் புரிந்ததில்லை. ஆனால் போனவர்கள் இருந்தார்கள். அவர்கள் விட்டுப்போன வீட்டுக் கதவுகளில் நான் எழுதிய நம்பர் மட்டும் இருந்தது.

என் வேலையை இன்னும் சொல்லவில்லை. எல்லோரையும் போல நானும் மரம் சீவுகிறவன்தான். ஆனால் சின்ன வயதில் சிரம்பானில் ஒரு போர்டு எழுதுகிறவரிடம் மூன்று மாதம் இருந்தேன். அவர் எனக்கு எழுத்து வரைக்கும் கற்றுக்கொடுத்துவிட்டு விரட்டிவிட்டார். அந்த மூன்று மாதப் படிப்பால் தோட்டத்தில் நம்பர் போடுகிற வேலையும் என் தலையில் விழுந்தது. தோட்டத்தின் ஒவ்வொரு பிரிவையும் நாங்கள் காடு என்றுதான் சொல்வோம்; அப்படி ஒவ்வொரு காட்டிலும் முதல் மரத்தில் நம்பர், பால் வாளியில் நம்பர், வீட்டுக் கதவில் நம்பர், மாட்டின் கொம்பில் நம்பர். கையில் பிரஷ் இருந்து எதிரில் ஒரு பொருளும் இருந்தால் என் கை தானாக நம்பர் போட்டுவிடும்.

உணவுக் கட்டுப்பாடு அந்தச் சமயத்தில்தான் வந்தது. காட்டில் இருக்கிறவர்களுக்கு ஒரு பருக்கை போய்ச் சேரக்கூடாது என்று உத்தரவு. கடையில் மீன் டின் வாங்கினால் கடைக்காரர் அங்கேயே ஆணியால் இரண்டு ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார், கெட்டுப்போவதற்குள் தின்றுவிட வேண்டும். மரம் சீவப் போகிறவர்கள் வேலிக்கு வெளியே கொண்டுபோகக்கூடியது கறுப்புக் காப்பி மட்டும். அதிலும் சீனி கூடாது. வாசலில் நின்ற மலாய்க்கார எஸ்.சி., அதாவது சிறப்புக் காவலன், ஒவ்வொரு போத்தலிலிருந்தும் மூடியில் ஊற்றிக் குடித்துப் பார்ப்பான். காலையில் அறுபது பேர் காப்பியை ருசி பார்த்த அந்த மனுஷனுக்கு எப்படித்தான் தூக்கம் வந்ததோ.

சோதனை வரிசை கோவில் பக்கச் சுவரை ஒட்டித்தான் நிற்கும். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை, அரை மணி நேரம். எதிரில் வெறும் வெள்ளைச் சுவர்.

அந்தச் சுவரைப் பார்த்துத்தான் பண்டாரத்துக்கு யோசனை வந்தது. எங்கள் கோவிலில் பூசை செய்தவர் அவர். அந்த வருடம் ஊரடங்கால் திருவிழா நடக்கவில்லை, சாமி ஊர்வலம் கம்பியைத் தாண்டவில்லை. அந்தக் குறைக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தார். அவருடைய தகரப்பெட்டி மூடியின் உள்பக்கத்தில் ஒரு பழைய அச்சுப்படம் ஒட்டியிருந்தது. கீழே கட்டம் கட்டமாகப் பாவமும் அதற்கான தண்டனையும். மேல் வரிசையில் புண்ணியம்: தண்ணீர் கொடுத்தவன், சோறு போட்டவன், விளக்கேற்றியவன், மூவரும் பூ விமானத்தில் போகிறார்கள்.

"அரை மணி நேரம் சும்மாத்தானே நிக்கிறானுங்க? அவனவன் பாவத்தப் பாத்துக்கிட்டு நிக்கட்டும்" என்றார் பண்டாரம். "நீ வரைஞ்சிரு."

"எனக்கு நம்பர்தான் சாமி வரும்."

"எமனுக்கு மீசை வரையத் தெரியாதா ஒனக்கு?"

துரையும் சரி என்றுவிட்டார். கூட்டம் மட்டும் கூடக்கூடாது என்றாராம்.

வேலையிலிருந்து திரும்பியபின் பகல் சாப்பாடு முடித்து ஐந்து மணி வரை வரைவேன். சட்டி, செக்கு, நெருப்பு, எருமை எல்லாம் எப்படியோ வந்துவிட்டன. முகத்தில்தான் மாட்டிக்கொண்டேன். அச்சுப்படத்தில் ஒவ்வொரு முகமும் மிளகு அளவு, அதிலும் பாதியைக் கரையான் தின்றிருந்தது. அதனால் என் சவரக் கண்ணாடியைச் சுவரில் ஆணி அடித்து மாட்டி, அதைப் பார்த்து மூக்கு எங்கே, கண் எங்கே என்று தெரிந்துகொண்டு வரைந்தேன். எல்லாம் நன்றாகத்தான் வந்ததாக நினைத்தேன்.

என் மனைவிதான் முதலில் பார்த்தாள். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

"ஏங்க, எண்ணெய்ச் சட்டியில நீங்கதான் இருக்கீங்க."

"சும்மா போடி."

"அந்தக் காதப் பாருங்க. பால் வாளிக்குக் கைப்பிடி வச்ச மாதிரி. இந்தத் தோட்டத்துல வேற யாருக்கு இருக்கு? ஐயய்யோ, அந்தப் பொம்பளையும் நீங்கதான்! கொண்டை வேற போட்டிருக்கீங்க!"

மறுநாள் காலை வரிசையில் அது பரவிவிட்டது. அதுவரைக்கும் செத்த வீடு மாதிரி நின்ற வரிசை அது. "மாப்ள, நேத்து செக்குல நல்லா அரைபட்டியா?", "இந்தாளு ஒருத்தனே நம்ம எல்லார் பாவத்தையும் வாங்கிட்டான்யா, நாம தைரியமா பண்ணலாம் லா" என்று ஆளாளுக்குப் பேசினார்கள். எஸ்.சி.கூட ஒருமுறை சுவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் காப்பியைக் குடிக்காமலே விட்டுவிட்டான்.

என்னால் ஊரே சிரித்தது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும்கூட. கீழ் வரிசைகள் முடிந்துவிட்டன. கடைசிக் கட்டத்தில் ஒருவன் நிறைந்த வாழையிலை முன்னால் உட்கார்ந்திருப்பான். தொண்டை ஊசி அளவு, ஒரு பருக்கை இறங்காது. பசித்தவனுக்கு இல்லை என்று சொன்னவனுக்கு அந்தத் தண்டனை. அவனுக்கும் என் காதையே வைத்து முடித்தேன். மேலே புண்ணிய வரிசை பாக்கி இருந்தது.

அந்த வாரம்தான் அது நடந்தது.

எனக்குப் பசி தாங்காது. மற்றவர்கள் வெறும் காப்பியோடு பகல்வரை ஓட்டும்போது, நான் அவித்த மரவள்ளிக்கிழங்கு ஒரு துண்டைத் தலைத்துண்டுக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு போவேன். பையைத் தடவுவார்கள், வாளியைக் கவிழ்ப்பார்கள், என் தலையை மட்டும் யாரும் தொடமாட்டார்கள். அதற்குள் ஒன்றும் இல்லை என்று எல்லோரையும் போல எஸ்.சி.யும் நம்பினான்.

பதினாலாம் காட்டில் முதல் மரம். நான் நம்பர் போட்ட மரம். சீவிவிட்டு நிமிர்ந்தால் அந்தப் பக்கம் ஒருவன் நிற்கிறான். முன்பு எங்கள் தோட்டத்தில் மரம் சீவியவன்தான். ஒரு வருடம் முன்பு காட்டுக்குள் போய்விட்டான். சட்டை அவன்மேல் கொடியில் காய்வது போல் தொங்கியது. கையில் துப்பாக்கி இல்லை. இருந்திருந்தால் எனக்கு இன்றைக்கு ஒரு சாக்கு இருந்திருக்கும்.

"அண்ணே, ஏதாச்சும் இருக்கா? ரெண்டு நாளாச்சு."

"இல்லப்பா."

தலையை ஆட்டிச் சொல்லவில்லை. ஆட்டினால் கிழங்கு விழுந்துவிடும். கழுத்தை நேராக வைத்துக்கொண்டு வாயால் மட்டும் சொன்னேன். அவன் என் முகத்தைப் பார்த்தான், பிறகு தலைத்துண்டைப் பார்த்தான். வாசனை வந்திருக்கும்.

"சரிண்ணே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அவன் போன திசையைப் பார்த்துக்கொண்டே கிழங்கை எடுத்துத் தின்றேன். முழுவதையும் தின்றேன். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

யாரிடமும் சொல்ல முடியாது. அவனைப் பார்த்தேன் என்றால், ஏன் வந்து சொல்லவில்லை என்று பிடிப்பார்கள். இல்லை என்றுதான் சொன்னேன் என்றால், அப்போது உன்னிடம் என்ன இருந்தது என்பார்கள். மனைவியிடம் சொன்னால் அவள் என்னைப் பார்க்கும் விதம் மாறும். பண்டாரத்திடம் சொன்னால் ஊசித் தொண்டைக்காரனைக் காட்டுவார். வேலிக்கு உள்ளே இருந்தாலும் மாட்டிக்கொண்டேன், வெளியே இருந்தாலும் மாட்டிக்கொண்டேன்.

அந்த வாரம் முழுக்க மேல் வரிசையை வரைந்தேன். தண்ணீர் கொடுப்பவன் முடிந்தது. சோறு போடுகிறவனுக்கு வந்தேன். அச்சுப்படத்தில் பின்னால் மாளிகையும் தூணும் இருந்தன. என் கை பால் மரம் வரைந்தது. எதிரில் சட்டை தொங்கும் ஒரு மெலிந்த ஆள், அவனுக்கு முன்னால் சோற்று உருண்டையை நீட்டும் ஓர் ஆள். நடக்காததைச் சுவரிலாவது நடத்திவிடலாம் என்று நினைத்தேனோ என்னவோ. முடித்துவிட்டுக் கீழே இறங்கிப் பிரஷைக் கழுவினேன்.

இரண்டு நாள் கழித்து, மத்தியானம், நான் வாளிகளுக்கு நம்பர் போட்டுக்கொண்டிருந்தபோது கிராணி ஆள் அனுப்பினார். கோவில் முன்னால் ஒரு ஜீப். வாசல் காவலைப் பார்வையிட வந்த போலீஸ் சார்ஜன், மலாய்க்காரர், நெஞ்சு அகன்ற மனிதர், சுவர் முன்னால் நின்றிருந்தார். பக்கத்தில் கிராணி, பண்டாரம். குழாயடியில் இருந்த பெண்கள் எல்லோரும் குடத்தை நிரப்பாமல் நின்றார்கள்.

சார்ஜன் தடியால் மேல் வரிசையில் தட்டினார். "இனி சியாபா?"

"இது யாருன்னு கேக்குறாரு" என்றார் கிராணி. அவர் உதடு வெளுத்திருந்தது.

"புண்ணியவான் ஐயா. சோறு போட்டவன்."

"மூஞ்சி யாரோடது?"

"என்னோடது."

சார்ஜன் தடியைக் கொஞ்சம் நகர்த்தினார். மரத்தில் தட்டினார். அப்போதுதான் நானே அதைப் பார்த்தேன். மரத்தில் வெள்ளைப் பெயிண்டில், சுத்தமாக, 14.

கிராணி என் பக்கம் திரும்பினார். "பதினாலாம் காட்டுல மொத மரத்தடியில நீ ஒருத்தனுக்குச் சோறு குடுத்திருக்கே. அதக் கோவில் சுவர்ல நீயே வரைஞ்சும் வச்சிருக்கே. எத்தன தடவ குடுத்தே, அவன் யாரு, அதான் கேக்குறாரு."

"நான் குடுக்கலைங்கய்யா."

"பின்ன எதுக்குய்யா வரைஞ்சே?"

அதற்கு என்னிடம் உண்மையான பதில் இருந்தது. அதைச் சொன்னாலும் லாரி, சொல்லாவிட்டாலும் லாரி. ஜீப்பின் பின்பக்கம் கதவு திறந்தே இருந்தது. என் வாய் வாழ்க்கையில் முதன்முறையாக மூடிக்கொண்டது.

குழாயடியிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "ஐயா சார்ஜன்! கட்டுன பொண்டாட்டிக்கே ஒரு வாய் மிச்சம் வைக்காத ஆளுய்யா இது! காட்டுல போயி எவனுக்குக் குடுக்கப் போறாரு?"

இரண்டு பெண்கள் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். கிராணி அதைப் பிடித்துக்கொண்டார். மலாயில் வேகமாக ஏதோ சொன்னார். பிறகு என்னிடம், "சார்ஜன வரை" என்றார்.

"என்னது?"

"ஒனக்கு ஒரே மூஞ்சிதான் வரும்னு சொல்லியிருக்கேன். நம்பல. கரி எடு, அவர வரை. நல்லா வரைஞ்சு தொலைச்சிராதே!"

அடுப்புக்கரியை எடுத்தேன். சார்ஜன் நெஞ்சை நிமிர்த்தி நின்றார். சத்தியமாகச் சொல்கிறேன், நான் ஏமாற்றவில்லை. பயத்தில் அவரைப் போலவே வரைந்துவிட வேண்டும் என்றுதான் முயன்றேன். தொப்பி வந்தது. தொப்பியில் சின்னம் வந்தது. மீசை வந்தது. விலகி நின்று பார்த்தால், தொப்பிக்கு இரண்டு பக்கமும் பால் வாளிக் கைப்பிடிகள்.

குழாயடியே உருண்டு சிரித்தது. "மூகா சமா!" என்று கத்தினான் வாசல் எஸ்.சி. அதே முகம்.

சார்ஜன் சிரிக்கவில்லை. மறுபடியும் 14-ஐத் தட்டினார். இந்த முறை பண்டாரம் முன்னால் வந்து எமனின் எருமையைக் காட்டினார். கொம்பில் 7. எண்ணெய்ச் சட்டியில் 3. செக்கில் 22. எமனுடைய பாசக்கயிற்றின் நுனியில்கூட ஏதோ எழுதியிருந்தேன். இவையும் எனக்கே அப்போதுதான் தெரிந்தன.

"ஓராங் போடோ, துவான்" என்றார் கிராணி. முட்டாள் ஆள், ஐயா. அவ்வளவு அன்போடு என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

சார்ஜன் சுவருக்கு மிக அருகில் போனார். சோறு கொடுப்பவன்மேல் விரல் வைத்தார். பிறகு வாங்குகிறவன்மேல் வைத்தார். சட்டை தொங்குகிற, மெலிந்த, இரண்டு பக்கமும் காது நிற்கிற அந்த ஆள்மேல். பிறகு அவர் தோள் குலுங்கியது.

"ரெண்டு பேரும் இவனேதான்" என்றார் கிராணி, எங்களுக்கும் சேர்த்து. "தானே குடுத்துக்கிறான், தானே தின்னுக்கிறான்!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பதினாலாம் காட்டில் அன்றைக்கு நடந்தது அதுதான். ஓர் எழுத்துப் பிசகாமல் அதுதான். என் கை அதை அப்படியே வரைந்து வைத்திருந்தது, பார்த்தவர்கள் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், நான் தப்பித்தேன்.

போகும் முன் சார்ஜன் ஊசித் தொண்டைக்காரனைக் காட்டி இவன் என்ன செய்தான் என்று கேட்டார். "பசிச்சவனுக்குச் சோறு இல்லேன்னான்" என்றார் பண்டாரம். கிராணி அதைச் சார்ஜனிடம் சொன்னபோது தொண்டையைத் தடவிக் காட்டியதைப் பார்த்தேன். அவனுக்குத் தொண்டை நோவு என்று சொல்லியிருக்கிறார். அதனால் அந்தக் கட்டம் பிழைத்தது. சோறு போடும் கட்டத்தை மட்டும் சுண்ணாம்பு அடித்து மூடச் சொன்னார்கள். என் கையாலேயே மூடினேன். கரியில் வரைந்த சார்ஜனையும் துடைத்தேன்.

மறுநாள் காலை வாசல் எஸ்.சி. என்னைப் பார்த்ததும் வாயில் சோறு போட்டுக்கொள்வதுபோல் கையைக் காட்டிச் சிரித்தான். சோதனை செய்யாமல் போ போ என்றான். தலைத்துண்டுக்குள் கிழங்கு இருந்தது. அன்றைக்கு அதைத் தின்னவில்லை. பதினாலாம் காட்டு முதல் மரத்தடியில், பால் பிடிக்கும் கிண்ணமான மங்கு ஒன்றைக் கவிழ்த்து அதற்கு அடியில் வைத்துவிட்டு வந்தேன். அடுத்த நாள் மங்கு நிமிர்ந்து கிடந்தது, கிழங்கு இல்லை. குரங்காக இருக்கலாம். இன்னொரு துண்டை வைத்தேன்.

மூன்றாம் நாள் வரிசை நகரவே இல்லை. "என்னய்யா முன்னால?" என்று கேட்டேன்.

"புது உத்தரவாம் மச்சான். தலத்துண்ட அவுத்துக் காட்டணுமாம். பொம்பளைங்க கொண்டையக்கூட அவுக்குறாளுங்க."

எனக்கு முன்னால் ஐந்து பேர். பிறகு மூன்று பேர். பின்னால் திரும்பிப் போனால் சந்தேகம், கீழே போட்டால் யார் காலிலாவது மிதிபடும். வியர்வையைத் துடைப்பதுபோல் துண்டுக்குள் கையை விட்டுக் கிழங்கை எடுத்து, இருமுவதுபோல் வாயைப் பொத்தி, அப்படியே உள்ளே போட்டுக்கொண்டேன். முழுசாக. மெல்ல முடியவில்லை. மென்றால் தெரியும். விழுங்கினேன். பாதி வழியில் அது நின்றுவிட்டது.

எதிரே சுவரில் ஊசித் தொண்டைக்காரன் இலைமுன் உட்கார்ந்து என்னைப் பார்த்தான். நானும் கண் பிதுங்கி அவனைப் பார்த்தேன்.

யாரோ முதுகில் குத்தினார்கள். "என்னா மச்சான், ஒன் படத்தப் பாத்து ஒனக்கே விக்கலா?" கால் மடங்கி உட்கார்ந்துவிட்டேன். எஸ்.சி. ஓடிவந்தான். இடுப்பிலிருந்த தண்ணீர்ப் போத்தலைத் திறந்து, என் தாடையைப் பிடித்து அண்ணாத்தி, ஊற்றினான். கிழங்கு இறங்கியது. மூச்சு வந்தது.

அவன் என் வாயோரத்தைப் பார்த்தான். நன்றாகப் பார்த்தான். பிறகு பின்னால் நின்ற இன்னொரு காவலனுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, தன் வாயைப் புறங்கையால் துடைத்துக் காட்டினான். நானும் துடைத்துக்கொண்டேன். எழுந்து, தலைத்துண்டை அவிழ்த்து உதறிக் காட்டிவிட்டு, வேலைக்குப் போனேன். அதற்குப் பிறகு நான் கிழங்கு எடுத்துப்போகவில்லை. பதினாலாம் காட்டில் மங்கு கவிழ்த்தபடியே இருந்தது.

அன்று பகல் பண்டாரத்திடம் போனேன்.

"சாமி, மேல் வரிசையில தண்ணி குடுக்கிறவன் இருக்கான்ல, அந்த மூஞ்சிய மாத்தணும். வேற ஒருத்தர் மூஞ்சி போடணும்."

பண்டாரம் விபூதித் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை.

"ஒனக்குத்தான் வேற மூஞ்சி வராதே."

பிரஷை எடுத்துக்கொண்டு போய் ஐந்து மணிவரை முயன்று பார்த்தேன். வரவில்லை.